40 நிமிடத்துக்குள் சமகாலக் குறுநாடகங்கள்: எதை எடுக்கலாம்?

ஒத்திகை_அறை கேட்கிறார்:

நடிக்க 3 பெண்கள், 2 ஆண்கள் இருக்கிறார்கள். மேடை கிடையாது, பெரிய வகுப்பறை அளவில் ஓர் அறை. பார்வையாளர்கள் 50 பேர், முதல் வரிசை நடிகர்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. அறை விளக்குகள் போக இரண்டு ஸ்பாட் லைட். திரை இல்லை. 6 வாரம், வாரத்துக்கு 2 ஒத்திகை.

மொத்தம் 40 நிமிடத்துக்குள் இரண்டு அல்லது மூன்று நாடகங்கள் வேண்டும். ஏறக்குறைய 1980-க்குப் பிறகு எழுதப்பட்டவையாக இருந்தால் நல்லது. தமிழாக்கம் நாங்களே செய்துகொள்வோம். கிடைக்கிற பட்டியல்களில் கதைச்சுருக்கம் இருக்கிறது. நடிக்கப் போனால் எங்கே இடிக்கும் என்பது இல்லை. அதைச் சொல்லுங்கள்.

பின்குறிப்பு: ஐரிஷ் நாடகாசிரியர் பெக்கெட்டின் 'கம் அண்ட் கோ' (1965) எங்கள் காலக்கணக்கில் வராதுதான், ஆனால் 3 பெண்கள் என்பதால் ஆசையாக இருக்கிறது. நடுவில் கொஞ்சம் இசை சேர்த்துப் போடலாமா?

---

மணியடிப்பவர்:

முதல் தேர்வு அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் ஐவ்ஸின் 'ஷ்யூர் திங்' (1988). ஒரு ஆண், ஒரு பெண், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு புத்தகம், ஒரு மணி. பத்துப் பன்னிரண்டு நிமிடம். முன்பின் தெரியாத இருவர் கஃபேயில் பேச ஆரம்பிக்கிறார்கள். பேச்சு கெட்டுப்போகும் ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும். சற்று முன்னால் இருந்து மறுபடி தொடங்குவார்கள்.

படிக்கும்போது சுலபமாகத் தெரியும். மனப்பாடத்தில்தான் அடி விழும். ஏறக்குறைய ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்ப வருவதால், ஒருவர் தவறி ஐந்தாவது சுற்றுப் பதிலை மூன்றாவது சுற்றில் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவரும் அதற்கே பதில் சொல்லிவிடுவார். இரண்டு பக்கம் காணாமல் போகும், யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு மணிக்கும் எண் போடுங்கள். மணிக்கு மணி ஒரு துண்டு என்று பிரித்து மனப்பாடம் செய்யுங்கள், பக்கக் கணக்கில் வேண்டாம்.

மணி அடிப்பவரை மூன்றாவது நடிகராக நினைத்து முதல் ஒத்திகையிலிருந்தே உட்கார வையுங்கள். மேசை மேல் வைத்துத் தட்டும் மணியே போதும். செல்பேசியில் பதிவு செய்த சத்தம் வேண்டாம். அரை நொடி தாமதித்தாலும் சிரிப்பு போய்விடும்.

இன்னொன்று: மணி அடித்ததும் உடம்பு எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்று முதல் வாரமே முடிவு செய்யுங்கள். கண்ணும் மூச்சும் திரும்பினால் போதும் என்பது என் கட்சி. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சலிக்கும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. மணி விழவேண்டியது தப்பான சொல்லின் தலைமேல். நம் வாக்கியத்தில் அந்தச் சொல் நடுவில் போய், கடைசியில் 'படிச்சேன்', 'இருந்தேன்' என்று ஒரு வினை வாலாட்டிக்கொண்டு நிற்கும். "நான் ரெண்டு வருஷம் ஜெயில்ல இருந்தேன்" என்றால் மணி 'இருந்தேன்' மேல் விழுகிறது. "நான் ரெண்டு வருஷம் இருந்தது ஜெயில்ல" என்று திருப்பிப் போட்டால் சரியான இடத்தில் விழும். மொழிபெயர்க்கும்போது மணிக்கு முந்தைய ஒவ்வொரு வரியையும் இப்படிச் சோதியுங்கள்.

ஐவ்ஸின் 'வேர்ட்ஸ், வேர்ட்ஸ், வேர்ட்ஸ்' பக்கம் போகவேண்டாம். மூன்று குரங்குகள் தட்டச்சு செய்கிற நாடகம். நகைச்சுவை முழுக்க ஆங்கில இலக்கிய வரிகளைத் திரித்துப் போடுவதில் இருக்கிறது. மொழிபெயர்த்தால் குரங்குகள் மட்டும்தான் மிஞ்சும்.

---

இடைநிறுத்தம்:

'கம் அண்ட் கோ'வில் இசை சேர்க்கமுடியாது. பெக்கெட்டின் உரிமையைக் காப்பவர்கள் மேடைக்குறிப்பை மாற்ற ஒப்புக்கொள்வதில்லை. அந்த நாடகத்தில் மேடைக்குறிப்புதான் பெரிய பகுதி. வசனம் ஏறக்குறைய 120 சொல்தான். அதைவிடப் பெரிய தடை உங்கள் அறை. மூவரில் ஒருவர் மாறி ஒருவர் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகவேண்டும், காலடிச் சத்தம் கேட்கக்கூடாது. சன்னல் இடுக்கில் வெளிச்சம் கசிந்து, தரையும் சத்தம் போட்டால் நாடகமே இல்லை. இரண்டு மீட்டர் தூரத்தில் அந்த இருட்டு கிடைக்காது.

ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்ட்டரின் 'மவுண்டன் லாங்குவேஜ்' (1988) பாருங்கள். நான்கு சிறு காட்சிகள், சுமார் 20 நிமிடம். மலைவாசிகளின் மொழி தடைசெய்யப்பட்டிருக்கிறது. சிறையில் இருக்கும் மகனைப் பார்க்க வந்த தாய் தன் மொழியில் பேசக்கூடாது. கடைசியில் பேசலாம் என்று அனுமதி வருகிறது. அப்போது அவள் பேசுவதில்லை.

ஆள் கணக்கு இடிக்கும். இரண்டாவது காட்சியின் முடிவில் சார்ஜென்ட், காவலர், கைதி மூவரும் ஒரே நேரத்தில் நிற்கவேண்டும். 2 ஆண்கள் போதாது, காவலரை ஒரு பெண் செய்யட்டும். செய்தால் நன்றாகவே இருக்கும். அடுத்து, நடுவில் வெளிச்சம் பாதியாகக் குறைந்து, தாயும் மகனும் அசையாமல் நிற்க, அவர்கள் குரல் மட்டும் பதிவிலிருந்து கேட்கும். அதற்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் கட்டாயம். ஸ்பாட் லைட்டைச் சட்டென்று அணைத்துப் போட்டால் மின்தடை என்றுதான் நினைப்பார்கள். பதிவைப் போர்வைக்குள் உட்கார்ந்தாவது எதிரொலி இல்லாமல் எடுங்கள். அறையின் எதிரொலி பதிவிலும் இருந்தால் இரட்டிப்பாகிச் சொல் புரியாது.

மூலத்தில் தாய் பேசுவது கனத்த நாட்டுப்புற உச்சரிப்பில். தமிழில் அதை ஏதாவது ஒரு வட்டார வழக்காக மாற்றினால், சினிமாப் பழக்கத்தில் பாதிப்பேர் சிரித்துவிடுவார்கள். வட்டாரச் சாயல் வேண்டாம், அதிகாரியின் தமிழை மட்டும் அரசாணை மாதிரி இறுக்கமாக்குங்கள். வித்தியாசம் மறுபக்கத்திலிருந்து வரட்டும்.

பின்ட்டரில் மூன்று புள்ளி, 'இடைநிறுத்தம்', 'மௌனம்' மூன்றும் வெவ்வேறு. புள்ளி என்றால் சொல் தேடுகிற தயக்கம். இடைநிறுத்தத்தில் யோசனை ஓடிக்கொண்டே இருக்கும். மௌனத்துக்குப் பிறகு ஆள் வேறு இடத்தில் இருப்பார். மூன்றையும் இரண்டு நொடி என்று எண்ணி நடித்தால் 20 நிமிடம் 30 ஆகும், ஒன்றும் நடக்காது.

---

சாய்கோடு:

பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சிலை எப்படி விட்டீர்கள்?

'செவன் ஜூயிஷ் சில்ட்ரன்' (2009), சுமார் 10 நிமிடம், ஏழு பகுதி. வரிகள் யாருக்கென்று பிரிக்கப்படவில்லை, எத்தனை பேர் வேண்டுமானாலும் நடிக்கலாம். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பெண்குழந்தைக்கு என்ன சொல்வது, எதை மறைப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதுதான் நாடகம். யூத இன அழிப்புக் காலத்திலிருந்து காசா வரை போகும். வந்தபோது யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டும் அதற்கு மறுப்புமாகப் பெரிய சர்ச்சை. போடுவதானால் முழுக் குழுவும் படித்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

ஆங்கிலத்தில் 'சொல்', 'சொல்லாதே' வரியின் தொடக்கத்தில் வந்து சுத்தியல் மாதிரி அடிக்கும். தமிழில் அது கடைசிக்குப் போகிறது. "கதவைத் திறக்க வேண்டாம்னு அவகிட்ட..." என்கிற வரை, அது சொல்லவேண்டியதா மறைக்கவேண்டியதா என்று தெரியாது. இதை இழப்பு என்று நினைத்து வரியைத் தலைகீழாக்காதீர்கள். தமிழுக்குத் தானாகக் கிடைத்த பதற்றம் அது. நடிகர்கள் வினைக்கு முன்னால் குரலைத் தாழ்த்தாமல் கொண்டுபோனால் போதும்.

'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்' (2012) வேறு வகை. 7 பிரிவு, 50-க்கும் மேற்பட்ட துண்டுக் காட்சிகள். பிரிவுகளின் வரிசையை மாற்றக்கூடாது. ஒரு பிரிவுக்குள் காட்சிகளை எப்படியும் அடுக்கலாம். யார் பேசுகிறார், எங்கே என்பதெல்லாம் உங்கள் முடிவு. முழுதாகப் போட உங்களுக்கு நேரம் இல்லை. சில துண்டுகள் மட்டும் போடுவதற்குத் தனியாக அனுமதி கேட்கவேண்டும்.

சர்ச்சிலின் பல நாடகங்களில் வசனத்துக்கு நடுவே ஒரு சாய்கோடு (/) இருக்கும். அந்த இடத்தில் அடுத்தவர் பேச ஆரம்பிக்கவேண்டும், முதல் ஆள் நிறுத்தாமல் முடிப்பார். மொழிபெயர்ப்பில் கோட்டை அதே சொல்லுக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் அதிகம். ஆங்கிலத்தில் 'இல்லை' முதலிலேயே வந்துவிடும், அதைக் கேட்டுத்தான் அடுத்தவர் பாய்கிறார். நமக்கு 'இல்லை' கடைசியில் வரும். கோட்டை எதிராளிக்கு விஷயம் புரிகிற இடத்துக்கு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் பதில் காரணமில்லாமல் முந்திக்கொள்ளும்.

---

ஒத்திகை_அறை:

நன்றி. 'ஷ்யூர் திங்', 'மவுண்டன் லாங்குவேஜ்' இரண்டும் என்று நினைக்கிறோம். எதை முதலில் போடுவது? இலவச நிகழ்ச்சிக்கும் அனுமதி வேண்டுமா?

---

பக்கத்திரை:

வேண்டும். டிக்கெட் இல்லாததால் உரிமை மறைந்துவிடாது. மொழிபெயர்ப்பு அனுமதியும் மேடையேற்ற அனுமதியும் தனித்தனி, கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள். யாரிடம் என்பது அச்சுப் புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் இருக்கும். நாள், இருக்கை எண்ணிக்கை, கட்டணம் உண்டா, மொழிபெயர்ப்பாளர் யார், எத்தனை காட்சி: இந்த ஐந்தும் முதல் கடிதத்திலேயே இருந்தால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். 6 வாரக் கணக்கைப் பதில் வந்த நாளிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன 'செவன் ஜூயிஷ் சில்ட்ரன்' மட்டும் விதிவிலக்கு மாதிரி: கட்டணம் வாங்காமல், நிகழ்ச்சியில் பாலஸ்தீனர்களுக்கான மருத்துவ உதவி அமைப்புக்கு நிதி திரட்டினால் உரிமத்தொகை இல்லை. அதற்கும் நாடகாசிரியரின் முகவரிடம் கேட்டாகவேண்டும்.

'ஷ்யூர் திங்' முதலில். பின்ட்டருக்குப் பிறகு மணி அடித்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள், சிரித்தாலும் கேட்கச் சகிக்காது. நடுவில் இரண்டு நிமிடம். மேசையை நடிகர்களே வெளிச்சத்தில் எடுத்துப்போகட்டும். திரை இல்லாத இடத்தில் இருட்டில் தடுமாறுவதைவிட அது கண்ணியம். மேசையை எடுத்தாலும் இரண்டு நாற்காலியையும் விட்டுவையுங்கள், தாயும் கைதியும் உட்காரும் சிறைச் சந்திப்புக் காட்சிக்கு ஆகும்.

நேரக் கணக்குக்குப் பக்கத்தை நம்பாதீர்கள். தமிழாக்கத்தை ஐந்து பேரும் உட்கார்ந்து, நிறுத்தங்களோடு சத்தமாக வாசித்துக் கடிகாரம் பாருங்கள். ஆங்கிலத்தில் 12 நிமிடம் ஓடுவது தமிழில் நீளத்தான் செய்யும். வெட்டலாம் என்று தோன்றும், வெட்டக்கூடாது. வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும். வாக்கியத்தைச் சுருக்குங்கள்: "நான் என்ன சொல்ல வந்தேன் என்றால்" மாதிரி மொழிபெயர்ப்பாளர் தாராளமாகப் போட்டவை நிறைய இருக்கும்.