மோனோகுளோனல்: ஒருகிளையா, ஒற்றைநகலா?

அன்பர்களுக்கு வணக்கம். உயிர்நுட்பச் செய்முறைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மண்ணீரல் செல்லும் புற்றுச் செல்லும் இணைந்து உருவாகும் ஹைப்ரிடோமாவைக் 'கலப்பினப் புற்றணு' என்றும், அது சுரக்கும் மோனோகுளோனலை (ஒரே செல்லின் வழிவந்த கூட்டம் தரும் ஒரே வகை எதிர்ப்பொருளை) 'ஓரணு எதிர்ப்பொருள்' என்றும் எழுதியிருக்கிறேன். தகுமா?

———

'ஓரணு' வேண்டாம் ஐயா. வேதியியல் மாணவர் வேறு பொருள் கொள்வார். க்ளோன் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சிறுகிளை என்று பொருள். தமிழிலோ கிளை மரத்துக்கும் உண்டு, சுற்றத்துக்கும் உண்டு, கிளைஞர் என்கிறோமே! ஒரே உயிரணுவின் வழிவந்த கூட்டத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? ஒருகிளை, பலகிளை. பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் தொல்காப்பிய மரபியலில் கிளையைக் குறிக்கும் 'சினை' இருக்கிறது.

———

சினை கூடவே கூடாது. சினைமுட்டைதான் நினைவுக்கு வரும். கிளைத்தல் என்றால் பிரிந்து வேறாதல். இங்கே வேண்டுவது வேறுபாடின்மை. மேலும், மண்ணீரல் செல்லையும் மைலோமா என்னும் புற்றுச் செல்லையும் 5:1 கலந்து, அவற்றை இணைக்க 50% பாலிஎத்திலீன் கிளைக்காலை ஒரு நிமிடத்தில் சொட்டுச்சொட்டாக விடும் பக்கத்திலேயே இன்னொரு 'கிளை'யா? 'ஒற்றைநகல்' போதும்.

———

நகல் அரபுச்சொல். 'ஒற்றைப்படி' என்க.

———

செய்முறைக் கையேட்டில் 'இரண்டாம் படி' என்றால் இரண்டாம் கட்டம். குழப்பம்தான் மிஞ்சும்.

சொல்லிலிருந்து வினையும் பிறக்க வேண்டும். செல் டிஎன்ஏ ஆக்கும் முதன்மை வழியை அடைக்கும் அமினோப்டெரின் சேர்ந்த ஊடகத்தில் இணையாத மைலோமா சாகும். மாற்றுவழியாக ஹைப்போசாந்தினைப் பயன்படுத்தும் நொதி அதற்கு இல்லை. இணையாத மண்ணீரல் செல் வளர்ப்பில் தானே மடியும். பிழைத்தவை இணைந்தவை, ஆனால் ஒரே குழியில் பல இணைவுகள் இருக்கலாம். ஆகவே 96 குழித் தட்டில் குழிக்குச் சராசரி 0.5 செல் வரும்படி நீர்க்கிறோம். அப்போதும் வளர்ந்த குழிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஒரே செல்லில் தொடங்கியதல்ல. அதனால்தான் இரண்டாம் சுற்று. தாமதித்தால் குரோமோசோம் இழந்து சுரப்பை நிறுத்திய செல்கள் வேகமாகப் பெருகி நல்லவற்றை அமுக்கிவிடும். இந்த வேலையைக் 'கிளைபிரித்தல்' எனலாம். 'நகல்பிரித்தல்' என்றால் விளங்குமா?

———

அந்த வினைக்காகவே ஒருகிளைக்கு என் வாக்கு. ஆனால் 'கலப்பினம்' தவறு. அது இனச்சேர்க்கையைக் குறிக்கும். இங்கே நடப்பது செல் இணைவு. 'இணைவுப்புற்று' என்க.

———

நோயாளிக்கான மருந்துக் குறிப்பில் 'புற்று' என்று வந்தால் அஞ்சமாட்டாரா? ஹைப்ரிடோமா அப்படியே இருக்கட்டும்.

———

ஒருகிளைக்கு நால்வர், ஒற்றைநகலுக்கு இருவர். ஒருகிளை என்றே அனுப்புகிறேன். ஹைப்ரிடோமா இப்பதிப்பில் ஒலிபெயர்ப்பாகவே போகும்.

———

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'ஒருகிளை' என்பது இரண்டாம் சுற்று முடிந்த வளர்ப்புக்கு மட்டுமே உரியது. முதல் தட்டின் படத்துக்குக் கீழும் அதையே இட்டிருக்கிறீர்கள்.