பெண்ணையாற்று முகத்துவாரத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

புதுவைவாசி:
பொங்கல் லீவில் தம்பி குடும்பத்தோடு எட்டுப் பேர் கிளம்புகிறோம். கடலூர் சில்வர் பீச் கூட்டம் வேண்டாம் என்று, தாழங்குடா தாண்டி பெண்ணையாறு கடலில் சேரும் இடத்துக்குப் போக யோசனை. கடை கண்ணி இல்லை என்பது தெரியும். போன ஆனியில் நான் போனபோது ஆற்று வாயில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது, நடந்தே அக்கரைக்குப் போனேன். பிள்ளைகளை இறக்கலாமா?

உப்புக்காற்று:
ஆனியில் பார்த்ததை மறந்துவிடுங்கள் அண்ணே. கோடையில் ஆற்றில் ஓட்டம் இருக்காது, கடல் மணலைத் தள்ளி வாயை மேடாக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் அதை உடைத்துக்கொண்டு போகும், போன வருஷம் உடைத்த இடத்திலேயே உடைக்கும் என்றும் சொல்ல முடியாது. தையில் கரை ஓரம் செங்குத்தாக அரித்து நிற்கும். மேலே நின்றால் கெட்டியாகத்தான் தெரியும், பிள்ளை விளிம்புக்கு ஓடினால் பாளமாகச் சரியும். கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து இழுத்தால் இடுப்பளவில் பெரிய ஆளே நிற்க முடியாது. இறக்காதீர்கள்.

கடலூர் ஓ.டி.:
முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போனாலும் கவனம். இரண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் ஒரு சந்து மட்டும் சாதுவாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழியே அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரையோரமாகவே பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து அப்புறம் திரும்ப வேண்டும். நீச்சலில் கெட்டிக்காரனான என் மச்சானே ஒரு தடவை இதில் திணறிப்போனான்.

அடும்பங்கொடி:
செருப்பில்லாமல் மணல்மேட்டில் ஏறாதீர்கள், இராவணன் மீசைப் புல் ஊசி மாதிரி குத்தும். பிடுங்கவும் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுவும் அடும்பங்கொடியுந்தான். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், குடிநீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். நல்லதும் ஒன்று உண்டு, பங்குனி ஆமை என்கிற கடலாமை தையிலிருந்தே முட்டையிட வரும். மணலில் டிராக்டர் போன மாதிரி தடம் இருக்கும்.

புதுவைவாசி:
சரி, குளியல் ரத்து. பட்டம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தடம் பார்க்க எத்தனை மணிக்குப் போகணும்?

அடும்பங்கொடி:
விடிந்ததும் போங்கள், ஆள் நடமாடினால் அழிந்துவிடும். ராத்திரியில் டார்ச் அடித்துத் தேடாதீர்கள், வெளிச்சத்தைப் பார்த்தால் ஆமை கரையேறாமலே திரும்பிவிடும்.