மறுமொழி: குதிரை ஈ, மான் ஈ – தமிழில் என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு,

கடித்து இரத்தம் குடிக்கும் குதிரை ஈ, மான் ஈ (ஆங்கிலத்தில் horse fly, deer fly) குடும்பத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் மடலாடலில், மான் ஈக்கள் அடங்கிய கிறைசொப்சு (Chrysops) பேரினத்துக்குப் 'பொற்கண் ஈ' என்று போன வாரம் முன்மொழிந்தவன் நான்தான். இன்று அதை மீளப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் என் தீப்பெட்டிக்குள் கிடக்கிறது.

ஞாயிறு காலை கொழும்புக்கு அருகே அத்திடியச் சதுப்பு நிலத்தின் ஓரம் எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று பிடரியில் கடித்தது. ஓங்கி அடித்துவிட்டேன். கை உருப்பெருக்கு வில்லையில் பார்த்தால், பச்சையும் பொன்னும் கலந்த கண்ணில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். 1803 இல் ஜெர்மன் பூச்சியியலாளர் மெய்கன் 'பொன்', 'கண்' என்ற கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்ததில் வியப்பில்லை. செவ்வாய் இரவு வெள்ளவத்தை வீட்டில் பெட்டியைத் திறந்தேன். கண் தேயிலைச் சக்கை நிறத்தில் இருந்தது. ஈரப்பஞ்சு வைத்து மூடியபின் நிறம் கொஞ்சம் திரும்பியது, அவ்வளவுதான். ஊசியில் குத்திய உலர்ந்த மாதிரியைப் பார்க்கும் மாணவிக்குப் 'பொற்கண்' என்றால் என்ன விளங்கும்? சிறகின் குறுக்கே ஓடும் கரும்பட்டையோ அப்படியே இருக்கிறது. எனவே 'பட்டைச்சிறகு ஈ'.

> குதிரை ஈ, மான் ஈ என்றே எழுதலாமே. எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். கொழும்பில் குதிரையைப் பார்க்கப் பொலிஸாரிடம்தான் போகவேண்டும். இங்கே இந்த ஈக்களுக்குச் சோறு போடுவது மாடும் எருமையும். லின்னேயசு 1758 இல் தபானசு (Tabanus) என்று பெயரிட்ட குதிரை ஈப் பேரினத்துக்கு நம்மவர் வாயில் உள்ள 'மாட்டிலையான்' போதாதா? ஈயை நாம் 'இலையான்' என்பது தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிது என்கிறார்கள். கொசுவுக்கு நாம் சொல்லும் நுளம்பைப் பழகிக்கொண்டவர்கள் இதையும் பழகிக்கொள்வார்கள்.

> தோலை அறுத்துக் குடிப்பதால் குடும்பம் முழுவதற்கும் 'அறுவாய் ஈ'.

அறுப்பது உண்மை. பெண் ஈ கத்தி போன்ற உறுப்புகளால் தோலைக் கிழித்து, வழியும் இரத்தத்தை உறிஞ்சும். ஆண் பூந்தேனோடு நின்றுவிடும். ஆனால் அறுவாய் என்றதும் ஆறு வாய்தான் நினைவுக்கு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், பெண்ணின் வாயில் குத்துறுப்புகள் சரியாக ஆறு! இருந்தாலும் வேண்டாம்.

இனங்களைப் பிரித்தறிய இன்னொரு சொல் கட்டாயம் தேவை. ஆணின் கண்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பெண்ணின் கண்களுக்கு நடுவே ஒரு நெற்றி இருக்கிறது; அதில் பளபளக்கும் மேடு ஒன்று. அதன் வடிவமும், அது மேலே கோடாக நீள்கிறதா என்பதும் இனத்துக்கு இனம் மாறும். 'தடிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கடிபட்டவரின் தோலில் வருவது. மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் தோல் இறுகிப் பளபளப்பதை என்ன சொல்கிறோம்? காய்ப்பு. ஆகவே 'நெற்றிக்காய்ப்பு'. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

——

தம்பி,

நெற்றிக்காய்ப்புக்கு என் வாக்கு. மாட்டிலையானில் ஒரு சிக்கல் இருக்கிறது. மிருக வைத்தியராக இத்தனை காலம் தொழுவங்களில் நின்றவள் சொல்கிறேன்: ஊசிபோல் முன்னே நீட்டிய வாயுள்ள சிறிய தொழுவ ஈயையும் சிலர் அப்படித்தான் அழைக்கிறார்கள். 'பெரு மாட்டிலையான்' என்று வைத்தால் குழப்பம் தீரும்.

பட்டைச்சிறகுக்கும் அவசரப்படவேண்டாம். மாட்டிலையான்களிலும் சிலவற்றுக்குச் சிறகில் பட்டை உண்டு. பின்கணைக்கால் நுனியில் சேவலின் கால்முள் போன்ற முட்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் தீப்பெட்டியில் கிடப்பது கிறைசொப்சு அன்று.

——

பார்த்தேன் அக்கா. ஒரு காலில் இரண்டு முட்கள் தெளிவாக இருக்கின்றன. மற்றக் கால் அத்திடியவில் நான் அடித்த அடியிலேயே போய்விட்டது.