மறு: மீன் தீவனத்தில் பழக்கழிவு – கலைச்சொல்

வணக்கம். மீன் தீவனத்தில் சேர்க்கும் பழத்தோல், சக்கை, பருப்பு போன்றவற்றை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'பழக்கழிவு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் தீவன மூட்டையில் 'கழிவு' என்று அச்சிட்டால் யார் வாங்குவார்கள்? அது போகட்டும், பொருளும் பொருந்தவில்லை. அழுகிய பழமும் கழிவு, சாறு பிழிந்த கையோடு உலர்த்திய சக்கையும் கழிவு என்றாகிவிடும். முன்னதில் பூஞ்சை நச்சு இருக்கலாம். அது மீனுக்கு ஆகாது.

'பழ எச்சம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கோழி எச்சத்தை உரமாகக் கொட்டும் மீன் குளங்கள் உண்டு. அங்கே போய் இந்தச் சொல்லா? வேண்டாம்.

மொத்தமாகச் சொல்ல 'பழத் துணைப்பொருள்' போதும். ஆனால் அதை எப்போதாவதுதான் எடுக்க வேண்டும். சாறு பிழிந்து மிஞ்சுவது 'பழச்சக்கை'. தோல் தோல்தான். மாங்கொட்டைக்குள் இருப்பது பருப்பு. இந்தப் பெயர்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே சொல்லில் போட்டு மூடினால் தகவல்தான் போகும். மீனின் குடலில் இவை ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. ஆரஞ்சுச் சக்கையில் பெக்டின் என்ற கரையும் நார்ச்சத்து மிகுதி. அளவு மீறினால் குடலில் கூழாகி, சத்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். அதே பெக்டின் தீவனக் குருணை நீரில் சட்டென்று கரையாமல் பிடித்துவைக்கவும் உதவும். மாம்பருப்பில் மாவுச்சத்து, கொழுப்பு இரண்டும் உண்டு, கூடவே டானின் என்ற துவர்ப்புப் பொருளும். டானின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செரிக்க விடாது. ஊறவைத்தோ நொதிக்கவைத்தோ குறைக்க வேண்டும். அன்னாசித் தோலில் புரதத்தை உடைக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, அதிகச் சூட்டில் உலர்த்தினால் அதுவும் செயலிழந்துவிடும். 'பழக்கழிவு 10 சதவீதம்' என்று படிப்பவருக்கு இதில் எது தெரியும்?

> அப்படியானால் 'பழச்சக்கைத் தீவனம்' சரிதானே?

பாதி சரி. சக்கையே முழுத் தீவனம் என்று எண்ண வைக்கிறது. சக்கையில் நார் அதிகம், புரதம் சொற்பம். சோளம், தவிடு இருந்த இடத்தில் கொஞ்சம் உட்காரலாமே தவிர, புரதத்துக்காகச் சேர்க்கும் மீன்தூளின் இடத்தைப் பிடிக்காது. திலேப்பியா, கெண்டை ஓரளவு ஏற்கும். சால்மன், டிரவுட் போன்ற ஊனுண்ணிகள் மாவுச்சத்தையே சரிவரப் பயன்படுத்துவதில்லை, நார் இன்னும் சிக்கல்.

ஆகவே 'பழச்சக்கை சேர் தீவனம்'. 'கலந்த' என்றாலும் எனக்குச் சம்மதமே. 'சேர்த்தீவனம்' என்று மட்டும் ஒற்றுப் போட வேண்டாம், இது வினைத்தொகை, ஒற்று மிகாது.

நொதிக்கவைத்த சக்கையைப் 'புளித்த சக்கை' என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். தானாகப் புளித்துக் கெட்டுப்போன சக்கையும் அதே பெயரில் வரும். 'நொதிப்பித்த பழச்சக்கை' என்று மாற்றலாமா?