மிக்ஸிக்கு ஒரு ஒப்பாரி
(கொழிஞ்சாம்பாறை அம்மாயி வீடு – வாட்ஸ்அப் குழு)

நான்: நம்ம வீட்டு மிக்ஸி நேத்தோட முடிஞ்சுது. அம்மாயி (அம்மாவோட அம்மா) பாடற ஒப்பாரி ராகத்துல பாடி அனுப்பியிருக்கேன், கேளுங்க. வரி இதுதான்:
கொழிஞ்சாம்பாறைச் சந்தையில கூவி வித்த மிக்ஸியே
கொத்தமல்லிச் சட்டினிக்குக் கூட நின்ன மிக்ஸியே
ரொம்ப நாளா அரைச்சயே திடீர்னு போனயே
அம்மிக்கல்லப் பாக்க வெச்சு அத்துவிட்டுப் போனயே

மச்சான்: 😂😂 மூணு தடவ கேட்டுட்டேன்

பெரிய மாமா: அம்மிணி, அந்த ராகம் எங்கப்பா, உங்கப்பிச்சி, போனன்னிக்கு அம்மா பாடுனது. அதுல மிக்ஸிய வெச்சுப் பாடறது எனக்குப் புடிக்கல. அப்பெல்லாம் ஓணத்துக்கு மாவேலி ராசாவ வெச்சு 'பாரடி'ன்னு கேலிப் பாட்டுக் கேசட் போடுவாங்க, அது வேற. இது வீட்டுச் சாவு.

நான்: மன்னிச்சுக்கங்க மாமா. உங்களுக்கு அன்னிக்கு ஞாபகம் வரும்னு யோசிக்காமப் போட்டுட்டேன். அழிச்சிரட்டுமா?

பாலக்காட்டுச் சித்தி: அழிக்காத கண்ணு. அண்ணா, நீங்க வருத்தப்படறது நியாயம்தான். ஆனா கேலி யாரு மேல விழுதுன்னு பாக்கோணும். அழுதவங்க மேல விழுந்தா நானே திட்டியிருப்பேன். இவ மிக்ஸிக்கல்ல அழுகறா?

பாலக்காட்டுச் சித்தி: பாரடிங்கறது கிரேக்கச் சொல்லு. 'பாரா'ன்னா பக்கத்துல, 'ஓடே'ன்னா பாட்டு. ஒரு பாட்டுக்குப் பக்கத்துலயே நின்னு பாடற பாட்டு. நாம பகடிங்கறோம். மூலப் பாட்டு நெஞ்சுல இல்லாதவனால இதச் செய்ய முடியாது. கூடியாட்டம், நம்ம கேரளத்துப் பழைய சமஸ்கிருத நாடகம், பாத்திருக்கீங்கல்ல? நாயகன் காதலிய வர்ணிச்சு சமஸ்கிருதத்துல ஒரு சுலோகம் சொல்லுவான். கோமாளியா வர்ற விதூஷகன் அதே விருத்தத்துல, அதே பாட்டு அளவுல, ஆனா மலையாளத்துல, அதத் தலைகீழாக்கிச் சொல்லுவான். பிரதிசுலோகம்னு அதுக்குப் பேரு. ரெண்டும் ஒரே மேடையில, விளக்கு முன்னாடி. அங்க அது சாமி குத்தமில்ல.

மச்சான்: கேஸ் கூட நடந்திருக்கு. மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியோட 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி'ங்கற 1952 நாடகத்துக்கு சிவிக் சந்திரன்ங்கற எழுத்தாளர் எதிர் நாடகம் எழுதுனாரு. மூலத்துல இருந்த பாத்திரங்களையும் வசனத்தையும் எடுத்து அதையே கேள்வி கேட்டாரு. காப்புரிமை வழக்கு கேரள உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. விமரிசனத்துக்காக எடுத்துக்கிட்டது நியாயமான பயன்பாடுதான்னு 1996ல சொல்லிட்டாங்க.

பெரிய மாமா: கோர்ட்டு சொன்னா மனசு ஆறிருமா தம்பி?

மச்சான்: இல்லீங்கப்பா. அது சரிதான்.

பாலக்காட்டுச் சித்தி: நம்ம பாலக்காட்டு லக்கிடி பக்கத்துலதான கிள்ளிக்குறிச்சிமங்கலம், மலையாளக் கவி குஞ்சன் நம்பியார் பொறந்த ஊரு. 18ஆம் நூற்றாண்டுலயே துள்ளல்ங்கற ஆடிப் பாடற கலையில புராணக் கதைய எடுத்து, அதுக்குள்ள நம்ம ஊர் ஆளுகளயே நிறுத்திக் கேலி பண்ணுனவரு. அதனால புராணம் கொறஞ்சு போகல. அம்மா கேட்டாங்களா? அவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்.

நான்: அம்மாயி குரல் பதிவு அனுப்பியிருக்காங்க. மாமா வண்டி ஓட்டிட்டு இருந்தா அப்பறமாக் கேக்கட்டும், எழுதியும் போடறேன்:

"ஏங்கண்ணு, ஒப்பாரிய வீட்டுக்குள்ள சும்மா பாடப்படாது. அப்பறம் நாங்க எங்க படிச்சோம்கற? செத்த கோழிக்குத்தான். தோட்டத்துல மாடு மேய்க்கறப்ப நாலஞ்சு புள்ளைக வட்டமா உக்காந்து, கோழிக்கு, ஒடஞ்ச பானைக்கு, வத்துன கெணத்துக்குன்னு பாடுவோம். எங்கம்மா கேட்டுச் சிரிப்பா, வையமாட்டா. அதுலதான் ராகம் வந்துச்சு, அதுலதான் வார்த்தை கூடுச்சு. உங்கப்பிச்சி போனப்ப வாய் தானா வந்துச்சுன்னா அந்தக் கோழிக்குப் பாடுனதாலதான். உம்பாட்டுல மூணாவது அடி நிக்கல. 'ரொம்ப நாளா'ன்னு எடுத்துட்டு அந்தப்பக்கம் 'திடீர்னு'ன்னு போட்டா நாக்கு தடுக்குது. 'பத்து வருசம் அரைச்சயே பாதியில போனயே'ன்னு பாடு. 'போனயே'ல மூச்ச விடாம இழுக்கோணும்."

நான்: மாத்திட்டேன் அம்மாயி. இப்ப பாடறப்ப அது தானா வருது.

பாலக்காட்டுச் சித்தி: அண்ணா?

பெரிய மாமா: கேட்டேன். வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கேட்டேன். கோழிக் கதைய அம்மா எங்கிட்டச் சொன்னதே இல்ல.

பெரிய மாமா: அன்னிக்குப் பாடுனதுல எனக்கு ரெண்டு அடிதான் ஞாபகம் இருக்கு. முழுசா யாருகிட்டயும் இல்ல. அம்மிணி, நீ போன்ல பிடிச்சு வைப்பியா?

நான்: வைக்கறேன் மாமா. வீட்டுக்குள்ள வேண்டாம்னு அம்மாயி சொல்றாங்க. தோட்டத்துல, கெணத்து மேட்டுல.

பெரிய மாமா: ஞாயித்துக்கெழம காலைல வர்றேன். வெயிலுக்கு முன்னாடி ஆரம்பிச்சிரலாம், அம்மாவுக்குத் தொண்ட கட்டும்.