சிங்கப்பூர் சாங்கி – நியூயார்க்: 17 மணி நேரமா, 18 மணி 40 நிமிடமா?

ஈசூன்_மகள்:
ஜூலையில் நியூ ஜெர்சியில் தங்கைக்குப் பிரசவம். அம்மா தனியாகப் போகிறார், வயது 68, முழங்கால் வலி உண்டு. சென்னைக்கு நாலு மணி நேரம் பறந்ததுதான் அவருடைய நீண்ட பயணம். ஓர் இணையதளம் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் 15,345 கி.மீ., 17 மணி நேரம் என்கிறது. டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம். எது சரி? நேராக அனுப்பவா, பிராங்க்பர்ட் வழியாகவா? நள்ளிரவு 12.30க்குக் கிளம்பி அதே நாள் காலை 7.10க்கு இறங்குகிறதாம், அதுவும் புரியவில்லை.

தேக்கா_தாத்தா:
மகன் அங்கே இருப்பதால் மூன்று முறை போய் வந்தேன். டிக்கெட்டில் உள்ளதை நம்புங்கள் அம்மா. இணையதளம் தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்துவிடுகிறது, அவ்வளவுதான். வாசலிலிருந்து நகர்வது, ஓடுபாதைக்குக் காத்திருப்பது, சுற்றிப் போவது எதுவும் அதில் வராது.

வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் நூல் பிடித்துப் பாருங்கள். தீர்க்கரேகையில் சாங்கி கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178. பாதி வட்டம் 180 என்பதால், கிட்டத்தட்ட உலகத்தின் நேர் எதிர்ப்பக்கம். அதனால் மிகக் குறுகிய கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. அந்த 15,345 இந்தக் கோட்டின் நீளம்தான். ஆனால் விமானம் காற்றைப் பார்த்துத்தான் போகும். நான் போனபோதெல்லாம் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடந்தது. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று முதுகில் தள்ளிவிடும். தூரம் கூடினாலும் லாபம்.

ஜூலையில் நமக்கும் அவர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். இறங்கும்போது இங்கே இரவு 7.10, அங்கே காலை 7.10.

தனியாகப் போகிறவருக்கு நேர் விமானமே நல்லது. வழியில் இறங்கி ஏறும் அலைச்சல் இல்லை.

உட்லண்ட்ஸ்_ரவி:
தாத்தா, செலவையும் பாருங்கள். நேராகப் போகும் ஏ350 விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது, பிரீமியம் எகானமியும் பிசினஸும்தான். பிராங்க்பர்ட் வழியில் சாதாரண வகுப்பு உண்டு, பறக்கும் தூரம் சுமார் 1,100 கி.மீ.தான் அதிகம். இடையில் எழுந்து நடப்பது முழங்காலுக்கும் நல்லதுதானே? எங்கள் அத்தைக்குச் சக்கர நாற்காலி முன்பே சொல்லிவைத்தோம், சிரமமே இல்லை.

தேக்கா_தாத்தா:
சரிதான் தம்பி, பணம் பெரிய விஷயம்தான். நேராகப் போனாலும் சக்கர நாற்காலி கேளுங்கள். நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், எழுந்து நடக்க யாரையும் எழுப்ப வேண்டாம். இந்திய சைவச் சாப்பாட்டை 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாத்திரை நேரத்தைப் பாலிகிளினிக் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், பகல் இரவாகிவிடும்.

ஈசூன்_மகள்:
நேர் விமானமே போட்டுவிட்டேன், பாதிப் பணம் தங்கை தருகிறாள். கைக்கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம் என்று சொன்னதும் அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மிக்க நன்றி தாத்தா, ரவி.