'ஆயிலிங் அவுட்' நிகழ்வுக்குத் துளித்திரள்வு: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

கரிமச் சேர்மங்களைத் தூய்மைப்படுத்தும் முறைகளுள் படிகமாக்கல், பதங்கமாதல், காய்ச்சி வடித்தல், வண்ணப்பிரிகை ஆகிய சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டன. ஆனால், படிகமாக்கலின்போது ஆய்வகத்தில் அடிக்கடி எதிர்ப்படும் 'ஆயிலிங் அவுட்' (oiling out) என்னும் நிகழ்வுக்கு, அதாவது சேர்மம் படிகமாகாமல் எண்ணெய் போன்ற துளிகளாகப் பிரிவதற்கு, நிலைபெற்ற தமிழ்ச்சொல் இல்லை. நண்பர்கள் முன்வைத்த 'எண்ணெயாதல்', 'எண்ணெய் பிரிதல்', 'நீரடி உருகல்' ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தபின், 'துளித்திரள்வு' என்பதை முன்மொழிகிறேன்.

நிகழ்வை அசெட்டனிலைடு என்னும் திண்மக் கரிமச் சேர்மத்தைக் கொண்டு விளக்கலாம். இதன் உருகுநிலை 114 டிகிரி செல்சியஸ். கொதிநீரில் ஓரளவு நன்றாகவும் குளிர்நீரில் மிகக் குறைவாகவும் கரைவதால், நீரிலிருந்து படிகமாக்கக் கற்றுக்கொடுப்பதற்கு இது ஏற்ற பொருள். எனினும், 100 மில்லிலிட்டர் நீருக்கு ஏறத்தாழ 5 கிராமுக்கு மேல் சேர்த்துக் கொதிக்கவைத்தால், கரையாமல் எஞ்சிய பகுதி திண்மமாக இருப்பதில்லை. ஏறத்தாழ 83 டிகிரிக்கு மேல் அது நீரை உள்வாங்கிக்கொண்டு தனி நீர்மமாகி, முகவையின் அடியில் துளிகளாகக் கிடக்கிறது. ஆக, அங்கே இரண்டு நீர்ம அடுக்குகள் இருக்கின்றன: ஒன்று நீர் மிகுந்தது, மற்றொன்று அசெட்டனிலைடு மிகுந்தது.

'எண்ணெயாதல்' என்பதை நான் ஏற்கத் தயங்குவதன் முதன்மைக் காரணம் இந்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. அசெட்டனிலைடு அனிலீனிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அனிலீனோ எண்ணெய் போன்ற நீர்மம். விளைபொருள் 'எண்ணெயாகிவிட்டது' என்று படிக்கும் மாணவர், அது நீராற்பகுப்படைந்து (நீரோடு வினைபுரிந்து சிதைந்து) மீண்டும் அனிலீனாகிவிட்டது என்றோ, வினைபுரியாத அனிலீன் எஞ்சியிருக்கிறது என்றோ கொள்வது இயல்பே. உண்மையில் அங்கே வேதிமாற்றம் எதுவும் நிகழவில்லை.

'எண்ணெய் பிரிதல்' என்பதில் வேறொரு சிக்கல் உள்ளது. "எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கவும்" என்னும் சமையல் தொடர் நம் காதில் ஊறிப்போனது. அங்கே பிரிவது நாம் முன்பே ஊற்றிய எண்ணெய். இங்கே பிரிவது நாம் தூய்மைப்படுத்த விரும்பும் சேர்மமே. 'நீரடி உருகல்', அதாவது நீருக்கடியில் உருகுதல், இவற்றைவிட நுட்பமான சிந்தனைதான். ஆனால் துளிகளில் நீரும் கணிசமாகக் கலந்திருப்பதால் அது தூய பொருளின் உருகலன்று. அன்றியும், எத்தனால்-நீர்க் கலவை போன்ற கரைப்பான்களில் இதே நிகழ்வு நேரும்போது அச்சொல் பொருந்தாது.

'துளித்திரள்வு' கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்கிறது. தெளிந்த கரைசல் குளிரும்போது முதலில் பால்போல் கலங்குகிறது. பிறகு துளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் அடுக்காகின்றன. துளியாகத் தோன்றுவதும் சேர்வதும் ஆகிய இரண்டும் சொல்லில் அடங்கிவிடுகின்றன. நீர்மம், திரவம் என்று தமிழகத்திலும் இலங்கையிலும் வேறுபடும் சொற்களை இதில் தவிர்க்க முடிவதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆவி குளிர்ந்து துளிப்பதோடு குழப்பம் வருமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். அது ஆவியிலிருந்து நிகழ்வது, அதற்குத் தனிச்சொற்கள் உள்ளன. ஆகவே அந்த அச்சம் வேண்டாம் என்பது என் கருத்து.

தனிச்சொல் ஏன் தேவை என்ற வினாவுக்கு விடை தூய்மைச் சோதனையில் கிடைக்கும். படிகம் வளரும்போது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படுவதால் மாசுகள் பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. துளியோ ஒரு கரைப்பானைப் போலச் செயற்பட்டு மாசுகளைத் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது. குளிர்ந்ததும் அவற்றோடு சேர்ந்தே கட்டியாக உறைகிறது. அக்கட்டியை உலர்த்தி நுண்குழாயில் இட்டு உருகுநிலை பார்த்தால், தூய பொருளைப் போல ஓரிரு டிகிரிக்குள் கூர்மையாக உருகாமல், தாழ்ந்த வெப்பநிலையிலேயே நெகிழத் தொடங்கிப் பல டிகிரிக்கு நீண்டு உருகும். செய்முறைக் குறிப்பில் "உருகுநிலை குறைந்தது" என்று மட்டும் எழுதினால் காரணம் மறைந்துவிடுகிறது. "துளித்திரள்வு நேர்ந்ததால் உருகுநிலை குறைந்தது" என்று எழுதினால், அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதும் தெளிவாகிறது. மீண்டும் சூடாக்கித் துளிகள் மறையும்வரை வெந்நீர் சேர்க்கவேண்டும், மெதுவாகக் குளிரவிடவேண்டும், தேவையானால் தூய படிகத் துணுக்கு ஒன்றை விதையாக இடவேண்டும்.

வினையாக ஆளும்போது "கரைசல் துளித்திரண்டது" என்பதைவிட "சேர்மம் துளித்திரண்டது" என்பதே பொருத்தம்; ஏனெனில் திரள்வது சேர்மம்தான். இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி: படிகத்தைப் பளிங்கு என்று வழங்கும் உங்கள் பாடநூல்களில் 'திரள்வு' வேறு ஏதேனும் வேதியியல் நிகழ்வுக்கு ஏற்கெனவே ஆளப்பட்டுள்ளதா? ஆளப்பட்டிருந்தால் 'துளிப்பிரிவு' என்று மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை.